பூட்டி வைத்த பங்கு

உங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல் கூசுகிற தண்ணீரை எப்போது குடித்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? நம் வயதுக்காரர்களுக்குக் கட்டாயம் நினைவிருக்கும். நமக்குப் பின்னால் பிறந்தவர்களிடம் இதைச் சொன்னால், இதையெல்லாமா ஞாபகம் வைத்திருப்பீர்கள் என்று சிரிப்பார்கள். எனக்கு அந்தத் தண்ணீரோடு சேர்ந்து ஒரு வருஷமே நினைவிருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன்.

காஞ்சிபுரத்தில், பள்ளிவாசலுக்குப் பின்தெருவில், பெரியத்தா குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தோம். பெரியத்தா என்றால் என் அத்தாவின், அதாவது அப்பாவின், அண்ணன். பட்டுச் சேலைக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் தொழில் அவருக்கு. அத்தாவும் அவரோடுதான் இருந்தார். வீட்டுக்குள் எந்நேரமும் மைதாப் பசை வாசனை அடிக்கும். எதிர்வரிசை முழுக்க நெசவாளர் வீடுகள். தறிச் சத்தம் நின்றால்தான் எங்களுக்கு ஏதோ குறைவது போலத் தோன்றும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்த ஒருவர் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போனார். அவருடைய பெட்டியைப் பெரியத்தா வாங்கி, ட்ரைசைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். நிற்கிற ஃபிரிட்ஜ் இல்லை அது. படுத்துக் கிடக்கிற வெள்ளைப் பெட்டி. மூடியை மேலே தூக்க வேண்டும். தூக்கினால் புகை மாதிரி குளிர் எழுந்து முகத்தில் மோதும். பக்கவாட்டில் பாதி கிழிந்த ஐஸ்கிரீம் கோப்பைப் படம். உள்ளே தலையை விட்டு மூச்சை இழுத்தால் ஏதோ ஒரு மூலையிலிருந்து வெனிலா வாசனை வரும். நானும் பெரியத்தா வீட்டுப் பிள்ளைகளும் முறை வைத்துத் தலையை விட்டோம்.

அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "சந்தூக் மாதிரி இருக்குது. நடுக் கூடத்துல போய் வெச்சிக்கினு" என்று முணுமுணுத்தார். சந்தூக் என்பது மையித்தை, இறந்தவர் உடலை, சுமந்துபோகிற பெட்டி. பெரியத்தா காதில் விழுந்தும் அவர் சிரித்தார். அப்போது அவர் எதற்கும் சிரிப்பார்.

அந்தப் பெரியத்தாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கட்டையான ஆள். சிவந்த உதடு. துஆ கேட்கக் கையை ஏந்தினால், ஆமீன் சொல்வதற்குள் தாடி நனைந்துவிடும். சின்னப் பிள்ளைகளான நாங்கள் அதைப் பார்ப்பதற்காகவே பக்கத்தில் உட்காருவோம். பக்ரீத் பெருநாளில் குர்பானி ஆட்டை அறுத்த பிறகு, பாயில் சம்மணம் போட்டு அவரே கறியை மூன்று குவியலாகப் பிரிப்பார். வீட்டுக்கு ஒன்று, சொந்தக்காரர்களுக்கு ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று. பிரித்து முடித்ததும் எங்களில் ஒருத்தியைக் கூப்பிட்டு, "எது நம்ம வீட்டுக்குன்னு நீயே கை வைம்மா. நான் கை வெச்சா என் கை நல்லதாப் பாத்துப் போகும்" என்பார்.

அந்த வருஷம் வெயில் ஏறத் தொடங்கும்போது நோன்பு வந்தது. பெட்டியால் எங்கள் வீட்டுக்குத் தெருவில் ஒரு தனி மதிப்பு வந்துவிட்டது. மாலையில் பெரியத்தா சாக்கில் ஐஸைப் போட்டுச் சுத்தியால் உடைப்பார். நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்கு ஒரு வாளி போகும். எதிர்வீட்டுத் தறிக்காரரின் பிள்ளைகள் சொம்போடு வந்து நிற்பார்கள். நன்னாரி சர்பத்தில் ஐஸ் துண்டு இடிபடுகிற சத்தம் கேட்டதும், பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிற வாங்கு சொல்லிவிடமாட்டார்களா என்று இருக்கும். கேட்டவர்களுக்கு இல்லையென்று அவர் சொன்னதில்லை. பெட்டி வந்ததில் ஊரே சந்தோஷப்பட்டது.

எப்போது மாறினார் என்று என்னால் சொல்ல முடியாது. மாறியது அவருக்கே தெரிந்திருக்காது. நோன்புப் பெருநாள் முடிந்ததும், பெட்டியில் ஐஸ் மட்டும் வைப்பது வீண் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு நாள் தாமல் ஏரி மீன் கூடையோடு வந்து இறங்கியது. இன்னொரு நாள் பாதி ஆடு. அப்புறம் பட்டாணி, மாம்பழம், உரித்த பலாச்சுளை. "விலை ஏறிப்போவும்மா, இப்பவே வாங்கி வெச்சிட்டா நல்லது" என்பார் பெரியம்மாவிடம். வந்தது ஒன்றும் சமையலுக்கு வரவில்லை. நாளைக்கு என்று உள்ளே போனது. பெட்டி நிறைந்தது. நிறைந்த பெட்டியை மூடிவிட்டு, இன்னும் எங்கே இடம் இருக்கிறது என்று திரும்பத் திறந்து பார்ப்பார்.

பிறகு பூட்டு வந்தது. எங்களால்தான் என்றார். பிள்ளைகள் திறந்து திறந்து குளிரை வெளியே விடுகிறோமாம். இடுப்பில் கட்டுகிற பச்சை பெல்ட்டில் சாவி ஏறியது.

வைகாசியில் வரதர் கோயில் கருட சேவை. வெளியூர் ஜனம் விடியலிலிருந்தே தெருவை அடைத்துக்கொண்டு போகும். எதிர்வீட்டுத் தறிக்காரர் முந்தின நாள் வந்து வாசலில் நின்றார்.

"பாய், நாளைக்கு நீர்மோர்ப் பந்தல் போடறோம். கொஞ்சம் ஐஸ் குடுத்தீங்கன்னா ஜனங்க வயிறு குளிரும்."

"ஐஸே போடறதில்லபா இப்பல்லாம். உள்ள எடம் இல்ல" என்றார் பெரியத்தா.

அது பொய்யில்லை. உண்மையாகவே இடமில்லை. தறிக்காரர் முகம் மாறாமல், "சரி பாய், பரவால்ல" என்று போய்விட்டார். பெரியம்மா மட்டும் உள்ளேயிருந்து, "மாம்பழத்த எடுத்து வெளிய வெச்சா எடம் வராதா?" என்று கேட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கால்வலி என்றால் பெரியத்தா சில நாள் மாலை மஃரிப் தொழுகையை வீட்டிலேயே தொழுவிப்பார். பெண்களும் பிள்ளைகளும் பின்னால் நிற்போம். பெட்டி கூடத்தில் உறுமிக்கொண்டிருக்கும். அந்த மோட்டார் தானாக நின்று தானாக ஓடும், உங்களுக்குத் தெரியும். அது நிற்கிற நேரத்தில் பெரியத்தா ஓதுவதும் தடுக்கும். ஒரு சொல்லில் நின்று, அதையே மறுபடி ஓதி, மறுபடி நிற்பார். மோட்டார் திரும்ப ஓடியதும் ஓதுதலும் ஓடும். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். சிரித்தால் தொழுகை முறிந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொள்வோம். ஒரு நாள் தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் அவர் கையேந்தவில்லை. எழுந்து போய் மூடியைத் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் தாடி நனைந்து நாங்கள் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்கவில்லை என்பதும் அந்த வயதில் உறைக்கவில்லை.

பிறகு பக்ரீத்.

அந்த வருஷம் வழக்கத்தைவிட அதிக ஆடுகள். தெருவே பேசியது, பாய் குர்பானியைக் கூட்டிவிட்டார் என்று. காலையில் ரத்தமும் சாணமும் வைக்கோலும் கலந்த வாசனை. பின்கட்டில் பாய் விரித்தார்கள். பெரியத்தா உட்கார்ந்தார். இந்த முறை எங்களில் யாரையும் கூப்பிடவில்லை. தொடை, மார்க்கண்டம், ஈரல், கால்கள் எல்லாம் தட்டு தட்டாக உள்ளே பெட்டிக்குப் போயின. மாம்பழமெல்லாம் கூடையில் வெளியே வந்து கிடந்தது. பாயில் மிஞ்சியது கழுத்தெலும்பும் கொழுப்பும் சவ்வும். அதைத்தான் பைகளில் போட்டார்கள்.

பெரியம்மா வந்து நின்றார். "இன்னாது இது? பங்கு பிரிக்கலையா?"

"பிரிச்சிக்கினு தான் இருக்கறேன். அப்பப்போ எடுத்துக் குடுத்துக்கலாம். ஒரே நாள்ல குடுத்து அவங்களும் இன்னா பண்ணுவாங்க? அவங்ககிட்ட பெட்டி இருக்குதா?"

"குர்பானிக் கறிய மாசக்கணக்குல வெச்சிக்கறதா?"

பெரியத்தாவுக்கு மார்க்க விஷயம் தெரியும். "ஒரு வருஷம் மூணு நாளைக்கு மேல வெக்கக் கூடாதுன்னு நபி சொன்னாங்க. அடுத்த வருஷம் வெச்சிக்கலாம்னு அவங்களே அனுமதி குடுத்துட்டாங்க. ஹதீஸ்ல இருக்குது."

"மொதல்ல ஏன் கூடாதுன்னாங்க?"

"அந்த வருஷம் ஊருக்குள்ள பசியோட ஆளுங்க வந்திருந்தாங்க."

"அப்ப நம்ம வாசல்ல நிக்கறவங்க யாரு?" என்றார் பெரியம்மா.

பெரியத்தா கத்தியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

வாசலில் நின்றவர்களில் ஈயம் பூசுகிறவரின் மனைவியும் இருந்தார். நாங்கள் அவரை அக்கா என்போம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச அவர் புருஷன் தெருத்தெருவாகத் துருத்தியோடு வருவார். நவச்சாரப் புகையும் கரிப்புகையும் அவரோடு வரும். எவர்சில்வர் வந்த பிறகு வேலை குறைந்தது. அந்த வருஷம் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தபடுக்கையாக இருந்தார். பெரியத்தா வாசலுக்கு வந்து நீட்டிய பையை வாங்கிக்கொண்டு அக்கா நகராமல் நின்றார்.

"பாய், அவருக்கு ஆட்டுக்கால் சூப்பு குடுக்கச் சொல்றாங்க. ஒரு கால் இருந்தா போதும் பாய்."

பெரியத்தா கீழே கிடந்த வைக்கோலைக் காலால் ஒதுக்கினார். "தீந்துபோச்சும்மா. எல்லாத்தயும் குடுத்துட்டேன்."

நான் அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கால்களைத் தட்டில் வைத்து உள்ளே கொண்டுபோனதைப் பார்த்தவள் நான். பெரியவர்கள் பொய் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் பெரியத்தா சொல்வார் என்று தெரியாது. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. பெரியம்மாவுக்கும் கேட்டிருக்கிறது.

"நல்லா இருங்க பாய்" என்று சொல்லிவிட்டு அக்கா போனார்.

அன்றிலிருந்து பெரியம்மா அந்தப் பெட்டிக் கறியைத் தொடவில்லை. கேட்டால் வாயுத் தொல்லை என்றார். வீட்டில் எல்லோரும் அதை நம்பினோம். அம்மா அவருக்கு ஓம வாட்டர் வாங்கிக் கொடுத்தார்.

பெருநாள் முடிந்து சில நாளில் கோடைமழை. மழை என்பதைவிடக் காற்று. புளியமரம் ஒன்று சாய்ந்து டிரான்ஸ்ஃபார்மரையே இழுத்துப் போட்டுவிட்டது. கரண்ட் போனது. அன்று வரும், நாளை வரும் என்றார்கள். வரவில்லை.

அத்தாதான் முதலில் சொன்னார். "அண்ணே, தொறந்து எல்லாத்தயும் ஆக்கிடலாம். தெருவுக்கே சாப்பாடு போடலாம். இப்பவே செஞ்சா கெடாது."

"தொறந்தா உள்ள இருக்கற குளிரு போய்டும். கரண்ட் இப்ப வந்துடும்பா."

வீட்டிலிருந்த ஜமக்காளம், போர்வை, கோணிச் சாக்கு எல்லாவற்றையும் பெட்டி மேல் போட்டு மூடினார். அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அட்டைப்பெட்டி கொடுக்கக் கடைகளுக்கும் போகவில்லை. அடுத்த நாளும் அத்தா கேட்டார். தறிக்காரர் வந்து, "பாய், எங்க வீட்டு அண்டா இருக்குது, விறகு இருக்குது, ஆளு இருக்குது. நீங்க ஊம்னு சொல்லுங்க" என்றார். பெரியம்மா கையை நீட்டிச் சாவியைக் கேட்டார். பெரியத்தா பெல்ட்டைக் கையால் மூடிக்கொண்டார். அந்தக் கையை நான் இப்போதும் பார்க்கிறேன். எங்களுக்கெல்லாம் சோறு பிசைந்து ஊட்டிய கை.

பெட்டிக்கு அடியில் நீர் கசிந்து, பிறகு அந்த நீர் சிவந்தது. அப்புறம் வாடை. முதலில் கூடத்தில், பிறகு அறைகளில், பிறகு தெருவில். காக்கைகள் ஓட்டின் மேல் வந்து உட்கார்ந்தன. அதன் பிறகுதான் சாவி வெளியே வந்தது. மூடியைத் தூக்கிய பெரியத்தா அப்படியே பின்வாங்கி முற்றத்தில் வாந்தி எடுத்தார். அத்தாவும் தறிக்காரரும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, அத்தனையையும் சாக்கில் அள்ளி வண்டியில் ஏற்றிப் போய் ஊருக்கு வெளியே குழி தோண்டிப் புதைத்தார்கள். ஐஸ் கேட்டு வெறுங்கையோடு போன அதே தறிக்காரர். வேட்டியெல்லாம் கறையோடு திரும்பி வந்து, எங்கள் கிணற்றடியிலேயே குளித்துவிட்டுப் போனார்.

பெட்டியை எத்தனை தடவை பினாயில் ஊற்றிக் கழுவியும் வாடை போகவில்லை. கடைசியில் பழைய இரும்புக்காரர் எடுத்துப் போனார்.

பெரியத்தா சாப்பிடுவதை விட்டார். உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி, படுத்தால் படுத்தபடி. டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். அம்மா வேறு காரணம் கண்டுபிடித்தார். "அந்த ஈயக்காரி கண்ணு வெச்சிட்டா. அன்னிக்கி வாசல்ல அவ நின்ன நிலய நான் பாத்தேனே." சொந்தக்காரர்கள் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். மிளகாய் சுற்றிப் போட்டார்கள். தாயத்துக் கட்டினார்கள். ஒரு நாள் அக்கா எதற்கோ வந்து கதவைத் தட்டியபோது, அம்மா திறக்காமல் ஜன்னல் வழியாகவே, "போயிட்டு வா" என்று அனுப்பிவிட்டார். என் அம்மா நல்லவர். இரக்கமுள்ளவர். ஆனாலும் அப்படித்தான் செய்தார். வீட்டில் ஒரு கெடுதல் நடந்தால் அது வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் எவ்வளவு உறுதியாக நம்பினார்கள்! நாம் மட்டும் என்ன, இன்றைக்கும் அப்படித்தானே முதலில் வாசலைப் பார்க்கிறோம்.

பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத் பார்க்க வந்தார். வாணியம்பாடிப் பக்கத்து ஆள். பெரியத்தாவைவிட வயதில் ரொம்பச் சின்னவர். பேசும்போது தலையைக் குனிந்துகொள்வார். அத்தா அவரிடம் தண்ணீர் ஓதித் தரச் சொன்னார். அதற்குள் பெரியத்தாவே வாயைத் திறந்தார்.

"ஹஜ்ரத், கையேந்தினா ஒண்ணும் வரமாட்டேங்குது. கல்லுல கை வெச்ச மாதிரி இருக்குது. நான் ஹராமா எதையும் சேக்கல. வட்டி இல்ல, திருட்டு இல்ல. கறிய வெச்சிக்கறதுக்கும் அனுமதி இருக்குது. இல்லியா?"

"அனுமதி இருக்குது. நான் இல்லன்னு சொல்லல" என்றார் ஹஜ்ரத். கொஞ்ச நேரம் பாயின் கோரையைத் தடவிக்கொண்டிருந்தார். "தொழுகையில நிக்கும்போது மனசு எங்க நின்னுச்சு?"

பெரியத்தா யோசிக்கவே இல்லை. "பெட்டிகிட்ட."

"பசியோட ரெண்டு ஓநாய ஆட்டு மந்தைல விட்டா எவ்ளோ சேதம் ஆவும்? பொருளுக்கும் பேருக்கும் ஒரு மனுஷன் வெக்கற ஹிர்ஸ், அவனோட தீனுக்கு, மார்க்கத்துக்கு, அதவிட சேதம் பண்ணும்னு ரசூலுல்லாஹ் சொல்லியிருக்காங்க. வெளியேர்ந்து ஓநாய் வந்தா நாய் கொலைக்கும், ஆளு முழிச்சிக்குவான். இது நம்ம பட்டியிலயே நாம தீனி போட்டு வளக்கறது. சத்தமே கேக்காது. ஒரு நாள் எண்ணிப் பாத்தா ஆடு இருக்காது."

"ஹிர்ஸ்" என்ற சொல்லை அன்று ஹஜ்ரத் வாயில்தான் முதலில் கேட்டேன். பேராசை என்று அர்த்தம் சொன்னார்கள். பணக்காரர்களுக்கு வருகிற நோய் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா அடுப்படி வாசலிலிருந்து, "அதெல்லாம் இல்ல ஹஜ்ரத். பாவா தங்கமானவரு. கண்ணு பட்டிருக்குது. அந்த ஈயக்காரி வெச்ச கண்ணு" என்றார். பெரியத்தாவை அம்மா பாவா என்றுதான் கூப்பிடுவார்.

பெரியத்தா திரும்பி அம்மாவைப் பார்த்தார். "கண்ணு வெச்சது நான்தாம்மா. அவ பங்குல."

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் காலையில் பெரியத்தா சந்தைக்குப் போய் நல்ல கறியும் ஆட்டுக்காலும் வாங்கி வந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு ஓரிக்கை போகிற பாதையில் ஒரு சந்துக்குப் போனார். தகரம் போட்ட வீடு. உள்ளே கயிற்றுக்கட்டிலில் ஈயக்காரர் சாய்ந்திருந்தார். கண்கள் மஞ்சளாக இருந்தன. அக்கா எழுந்து முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "வாங்க பாய்" என்றார். குரலில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

பெரியத்தா உட்காரவில்லை. "பெருநாளன்னிக்கி நீ கேட்டியேம்மா, கால் இருந்துச்சி. உள்ளதான் இருந்துச்சி. இல்லன்னு சொன்னேன்."

"தெரியும் பாய்."

"தெரியுமா?"

"என் மொகத்தப் பாக்காம சொன்னீங்க."

"தெரிஞ்சுமா நல்லா இருங்கன்னு சொல்லிட்டுப் போனே?"

"பெருநாளும் அதுவுமா வேற இன்னா சொல்றது பாய்."

பெரியத்தா பையை நீட்டினார். அக்கா வாங்கவில்லை. "மஞ்சக்காமாலை கண்டிருக்குது. கறி வாசனையே ஆவாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. கஞ்சிதான் எறங்குது."

நீட்டிய கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தது. கொடுக்க வேண்டிய நாளில் கொடுக்காததை வேறொரு நாளில் கொடுக்க முடியாது என்று அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். எனக்கு அது புரிய இத்தனை வருஷம் ஆனது.

"நான் இன்னாம்மா செய்யணும்?" என்று கேட்டார்.

அக்கா யோசித்தார். "வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றாங்க. என்னால ஒண்டியாத் தூக்கிப் புடிக்க முடியல. ஆள் துணை இருந்தா நல்லாருக்கும்."

பெரியத்தா போனார். அட்டைப்பெட்டி வேலையை அத்தாவிடம் விட்டுவிட்டு, வாரா வாரம் ஈயக்காரரைத் தோளில் சாய்த்து பஸ் ஏற்றி, வரிசையில் நின்று, மருந்து வாங்கி, திரும்பக் கொண்டுவந்து விட்டார். அந்த வருஷம் முழுக்கப் போனார். ஈயக்காரர் தேறினார். துருத்தியைத் திரும்ப எடுக்கவில்லை, ஆனால் எழுந்து நடந்தார். அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். அக்கா மட்டும் எங்கள் வீட்டு வாசலில் கறிக்காக நிற்கத் திரும்பி வரவே இல்லை. அம்மா ஒரு முறை கூப்பிட்டனுப்பினார். வருகிறேன் என்று சொல்லியனுப்பினார், வரவில்லை.

வேறு யாரைச் சேர்த்துக்கொண்டாரோ, ஈயக்காரர் தேறிய பிறகும் பெரியத்தா ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தவில்லை. துணையில்லாத யாராவது எப்போதும் இருந்தார்கள். நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு நாள், அவர் கிளம்பிக்கொண்டிருந்தார். அம்மா எல்லோர் எதிரிலும், "அந்தப் பெட்டியோட போச்சு. பாவா அப்பவே திருந்திட்டாரு. இப்ப எந்த ஆசையும் இல்ல" என்று பெருமையாகச் சொன்னார்.

பெரியத்தா செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பிடிச் சொல்லாதம்மா" என்றார். "அது எங்கயும் போவல. தெனமும் காலைல எனக்கு முன்னாடி எழுந்துக்குது. நான் அதுக்கு முன்னாடி எழுந்துக்கப் பாக்கறேன். சில நாள் முடியுது."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.